முழங்கையில் ஓட்டை

அக்டோபர் 14, 2012, ஞாயிறு

நீல் வந்துவிட்டுப் போனான். மறுபடியும் அந்தப் பச்சை ஸ்வெட்டர்தான். வலது முழங்கையில் என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கழுத்துப் பக்கம் நைந்து நூல் தொங்குகிறது. லண்டனில் பெயர் சொல்லும்படியான வக்கீல், பெற்றவளைப் பார்க்க ஹார்ட்டில்பூலுக்கு வருகிற கோலம் இது. மருமகள் இமோஜெனின் தாத்தா கொடுத்ததாம். அந்தத் தாத்தாவிடம் போட்டுக் கழித்தது போக வேறு ஒன்றும் இல்லையா?

பக்கத்து வீட்டு எட்னா வேலிக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டே நின்றிருப்பாள் போல. அவன் காரை விட்டு இறங்கியதும் என்னைக் கூப்பிட்டாள்.

"என்ன பெரில், பையனுக்கு வேலை கீலை போயிடுச்சா? எங்கிட்டச் சொல்லக் கூடாதா? எங்க வீட்டுக்காரரோட பழைய கோட்டு ஒண்ணு சும்மாத்தான் தொங்குது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டேன்.

"கழட்டுடா அத. தச்சாவது தர்றேன்."

"வேணாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"தெருவே பாக்குது."

"பாக்கட்டுமே. உருளைக்கிழங்கு இன்னும் இருக்கா?"

சாப்பிட்டுவிட்டு சோபாவில் காலை நீட்டியவன் இருட்டும்வரை தூங்கினான். வாய் திறந்திருந்தது. நான் எதிரே உட்கார்ந்து அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிலமும் குதிரையும் வைத்திருப்பவர்கள் கிழிசலைப் போட்டால் எளிமை. நாங்கள் போட்டால் குளிக்காத குடும்பம். இது அவனுக்குத் தெரியாதா? அவர்களோடு சேர்ந்து இவனும் வேஷம் போடக் கற்றுக்கொண்டான். அதை இங்கே, என் தெருவில் வந்து போட்டுக் காட்ட வேண்டுமா?

அக்டோபர் 15

எட்னாவோடு இனிப் பேச்சு இல்லை. இந்த வாரமாவது.

அக்டோபர் 28, ஞாயிறு

நீலின் கல்யாணப் படத்தைத் துடைத்தேன். எட்டு வருடமாகத் துடைக்கிறேன், இன்னும் கூசுகிறது. பீச் பழ நிறத்தில் நான்: தொப்பி, உடுப்பு, பை, செருப்பு எல்லாம் ஒரே நிறம், அதற்காகவே சாயம் போட்டு வாங்கியது. பக்கத்தில் சம்பந்தியம்மா லவீனியா. வெளுத்துப்போன பூப்போட்ட உடுப்பு, விளிம்பில் நாய் முடி. பெண்ணின் கல்யாணத்துக்கு! என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க!" என்றாள். பாராட்டு என்று நினைத்து நன்றி வேறு சொன்னேன். திரும்பி வரும் ரயிலில்தான் உறைத்தது. மெனக்கெட்டது தெரிந்துவிட்டது, அதுதான் என் குற்றம்.

அதற்கும் முன்னால் ஒன்று. அவர்கள் வீட்டுக்கு நீல் முதன்முதலில் கிளம்பியபோது அவன் ஜீன்ஸை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். முன்பக்கம் கத்தி போல மடிப்பு. இமோஜெனின் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "ராணுவத்துல சேர்ந்துட்டீங்களா?" என்று கேட்டானாம். நீல் சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னான். கடைசியில், "இனிமே என் துணிய நானே பாத்துக்கறேம்மா" என்றான். அன்றோடு அவன் துணியை நான் தொட்டதில்லை.

நவம்பர் 9, வெள்ளி

இமோஜென் போன் செய்தாள். காலையில் ஓடப் போனவன் பூங்காவிலேயே விழுந்துவிட்டானாம். இதயம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே உயிர் இல்லை.

நீல். என் நீல். முப்பத்தேழு வயது.

நவம்பர் 11

என் வீட்டுக்காரர் நார்மன் பேசவில்லை. தோட்டத்துக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டைப் பார்க்கிறார், போகிறார். வேலை பார்த்த ஸ்டீல் ஆலையை மூடின அன்றுகூட இந்த மனிதர் இப்படி இருந்ததில்லை.

நான் அடுப்பைத் துடைக்கிறேன். துடைத்ததையே துடைக்கிறேன். வேறென்ன செய்ய?

நவம்பர் 13, செவ்வாய்

எல்லாம் அங்கே முடிவாகிவிட்டது. அடக்கம் வில்ட்ஷயரில், அவர்கள் கிராமத்துச் சர்ச்சில். சரி, அவள் மனைவி, அவளுக்குத்தான் உரிமை. பூவில் அவன் பெயரை எழுத்து எழுத்தாகக் கட்டி சவ வண்டியின் பக்கவாட்டில் வைக்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் அது இல்லாமல் யாரும் போனதில்லை. லவீனியா போனை வாங்கி, "தோட்டத்துப் பூ கொஞ்சம் போதும்னு நினைச்சோம். நீலுக்கு ஆடம்பரம் பிடிக்காதே" என்றாள். என் மகனுக்கு எது பிடிக்கும் என்று எனக்கே சொல்கிறாள்! அதையும் விழுங்கினேன்.

பிறகு இமோஜென் தயங்கித் தயங்கி, "அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்டு அனுப்பலாம்னு இருக்கேன், பெரில்" என்றாள்.

அப்போதுதான் கத்திவிட்டேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. "எங்க வீட்டுல முழங்கை கிழிஞ்சு யாரும் வாசப்படி தாண்டினதில்ல. எம்புள்ள கிழிசலோட மண்ணுக்குள்ள போக மாட்டான்" என்றது மட்டும் காதில் இன்னும் கேட்கிறது.

"மூடி போட்ட பெட்டிதானே? யாரும் பார்க்கப் போறதில்லையே" என்றாள் மெதுவாக. அவர்கள் வழக்கத்தில் போய் முகம் பார்ப்பது கிடையாது. உயிரோடு இருந்தபடியே நினைவு வைத்துக்கொள்வார்களாம்.

"நான் பார்ப்பேன்."

மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. "சரி. உங்க இஷ்டப்படியே ஆகட்டும்" என்றாள். ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன்.

நவம்பர் 16

கறுப்பு சூட்டு, வெள்ளைச் சட்டை, சாம்பல் நிற டை. எல்லாம் புதிது. சட்டையை நானே தேய்த்தேன். காலரை இரண்டு முறை.

நார்மன் புது ஷூவைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் மதியம் முழுக்கப் பாலிஷ் போட்டார். அடிப்பாகத்துக்கும் போட்டிருக்கிறார். "படுத்திருப்பான்ல? அடிதானே தெரியும்" என்றார். இத்தனை நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நவம்பர் 20, செவ்வாய். வில்ட்ஷயர்

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்பவரின் கடையில் பின்பக்கம் ஒரு சின்ன அறை. இமோஜென் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டாள். உள்ளே வரவில்லை. நானும் நார்மனும் போனோம்.

எல்லாம் நான் கொடுத்தபடியே இருந்தது. டை நேராக இருந்தது. காலர் கழுத்தோடு பொருந்தியிருந்தது. தலைமுடியைப் படிய வாரியிருந்தார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அது என் நீல் இல்லை. யாரோ கூப்பிட்டு எடைபோடப் போகிறார்கள், முதுகை நிமிர்த்திக் காத்திருப்போம் என்று படுத்திருக்கிற ஒருத்தன். பரீட்சை, நேர்முகத் தேர்வு, அவர்கள் வீட்டு விருந்து — எல்லாவற்றுக்கும் இந்த முகத்தோடுதான் கிளம்புவான். செத்த பிறகுமா?

நார்மன் ஷூவைத் தொட்டுப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

இமோஜென் சுவர் ஓரம் பெஞ்சில் இருந்தாள். அவள் அப்பாவுடைய பழைய கோட்டு, அதற்குள்ளே அந்தப் பச்சை ஸ்வெட்டர். என்னைப் பார்த்ததும் கோட்டை இழுத்து மூடினாள். என்னிடமிருந்து ஒளிக்கிறாள், பாவம். உட்கார்ந்தேன். ஏன் கேட்டேனோ தெரியவில்லை, கேட்டேன்.

"உங்க அம்மா வீட்டுல இருக்கும்போதும் எப்பவும் இதுதான் போடுவானா?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"எங்க அம்மா வீட்டுலயா? ஒரு நாள்கூடப் போட்டதில்ல, பெரில்."

"தாத்தா கொடுத்ததுதானே?"

"கொடுத்தாரு. நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். 'உங்கப்பா போட்டா பரம்பரைப் பெரிய குடும்பம்பாங்க. நான் போட்டா மாத்துத் துணி இல்லாதவன்பாங்க'ன்னு சிரிப்பான். காலைல காபி குடிக்க வர்றதுக்குக்கூடக் காலர் வச்ச சட்டை, ஷூ. எட்டு வருஷமா. அம்மா பழசைப் போட்டுக்கிட்டு நாயோட உருளுவாங்க, இவன் விறைச்சு உக்காந்திருப்பான். உங்க வீட்டுக்குக் கிளம்புற அன்னிக்குத்தான் இத வெளில எடுப்பான். அங்க போனா தூங்கலாம்பான். 'அங்க என்னைய யாரும் பாக்க மாட்டாங்க'ம்பான்."

நான் பார்த்தேனே. வந்த ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ஓட்டையைத்தானே பார்த்தேன்.

"கழட்டு கண்ணு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "அந்த ஸ்வெட்டரக் கழட்டு. அவனுக்குப் போடணும்."

அந்தக் குளிரில், தெருவோரத்திலேயே, கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்தாள். சூடாக இருந்தது. இரண்டு பேருமாக உள்ளே போனோம். வாசலைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கும்படி பிடித்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் வெளியே இருங்கள் என்றார். நார்மன்தான், "அப்ப ஷூ?" என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"ஷூ இருக்கட்டும், நார்மன்" என்றாள் இமோஜென்.

திரும்ப உள்ளே கூப்பிட்டபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போல இருந்தான். அவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

நவம்பர் 21

முடிந்தது. மழை. எங்கள் பக்கம் மூன்று வரிசை, தலை முதல் கால்வரை கறுப்பு. அவர்கள் பக்கம் பழைய கோட்டுகளும் சேறு பட்ட செருப்பும். பெட்டிக்குள் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. லவீனியா என் கறுப்புத் தொப்பியைப் பார்த்து, "எவ்வளவு நேர்த்தியா வந்திருக்கீங்க" என்றாள்.

"எம்புள்ளைக்காக" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. கெட்டவள் இல்லை. அவளுக்கும் எனக்கும் நடுவில் அவன் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 6, 2013, ஞாயிறு

உருளைக்கிழங்கை அவனுக்கும் சேர்த்து வறுத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, சனி

காலையில் மணி அடித்தது. நார்மன் கடைக்குப் போயிருந்தார். தபால்காரன் என்றால்கூடத் தலையைச் சீவி, உதட்டுக்கு வண்ணம் தீட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். இன்று முடியவில்லை. எழுந்த கோலம்: நைந்த அங்கி, அதில் முட்டைக் கறை, காலில் நார்மனின் சாக்ஸ். அப்படியே போய்த் திறந்தேன்.

இமோஜென். இருட்டிலேயே கிளம்பி இவ்வளவு தூரம் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"போன் பண்ணாம வந்துட்டேன், பெரில். தூங்கவே முடியல. இங்க வந்தா தூக்கம் வரும்னு அவன் சொல்லுவான்."

"வா கண்ணு. உள்ள வா."

செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்தச் சோபாவுக்குப் போனாள். போர்வை எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டாள். நான் அங்கியை மாற்றவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தேன். நார்மன் வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் தேநீர் போடப் போனார்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஒரு நாளாவது அவனுக்கு நான் இப்படிக் கதவைத் திறந்திருக்கலாம்.