ஜாடியின் அடியில் நீ எழுதிய கேள்வி

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலை கம்பெனிக் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் ஒளிந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயது, மீசைக்கு மை, கழுத்தில் ‘நிர்வாக மேலாளர்’ என்று அட்டை. இத்தனையும் இருந்தும், வேலைக்குச் சேர்ந்து எட்டே நாளான ஒரு பெண்ணுக்குப் பயந்து உள்ளே போய்விட்டேன். நடுவில் எலக்ட்ரீஷியன் வந்து கதவைத் தட்டினான். நான் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வெளியே வந்தபோது என் மேசையில் டம்ளர் நிறைய மோர். டீ போடுகிற அம்மா வைத்தது. “பெருங்காயம் தட்டிப் போட்டிருக்குது சார், வயித்துக்கு நல்லது” என்றார். மத்தியானத்துக்குள் எனக்கு வயிற்றுப்போக்கு என்ற செய்தி பேக்கிங் வரைக்கும் போய்விட்டது. நான் மறுக்கவில்லை. உண்மையைவிட அது கௌரவமாக இருந்தது.

மோருக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டை கிடந்தது. நீல நிறம். நடுவில், மூக்குத் துவாரங்களுக்கு நேராக, வெள்ளையாக இரண்டு வட்டம். எடுத்து முகர்ந்தேன். மழை படாத மண்ணின் வாசனை, தொண்டையில் போய் உட்காருகிற வாசனை. உன் துண்டில் இருந்த அதே வாசனை. உடனே உனக்கு எழுத வேண்டும்போல் இருந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, முகவரி இல்லை என்பதெல்லாம் பிறகுதான் உறைத்தது.

நடந்தது இதுதான். புதிதாகச் சேர்ந்தவர்களைத் திங்கட்கிழமைகளில் உட்கார வைத்து விதிமுறை சொல்வது என் வேலை. கடைசியில், “யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?” என்பேன். யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மௌனத்தில் நான் ஒரு ஜோக் அடிப்பேன், எல்லோரும் எழுந்து போவார்கள். நேற்று நல்லூர்ப் பக்கத்திலிருந்து வருகிற கலைமதி என்ற பெண் கையைத் தூக்கினாள். ஜாடிகளுக்குப் பளபளப்புப் பூச்சு அடிக்கிற இடத்தில் அவளுக்கு வேலை.

“சார், பூச்சு அடிக்கிற ரூம்ல புகை இழுக்குற ஃபேன் ஓடலைங்க. எல்லாம் மூஞ்சியில வருது. எப்ப சரி பண்ணுவீங்க?”

“ஃபேன் லீவுல போயிருக்குதும்மா. எங்கிட்டகூடச் சொல்லிக்காம போயிருக்குது. வரட்டும், மெமோ குடுத்துடலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை நின்றபடியே இருந்தாள். அப்புறம் சொன்னாள்: “சிரிச்சாச்சு சார். ஃபேன் எப்ப ஓடும்?”

என்னிடம் இரண்டாவது ஜோக் இல்லை. மூக்கில் கட்டுகிற நீலக் கைக்குட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நான் கழிவறைக்குப் போனேன்.

நாம் இரண்டு பேரும் பழைய கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ மங்கலம்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கினாய், நான் வேப்பூர் பஸ்ஸில். எனக்கு ஆபீசில் குமாஸ்தா நாற்காலி, உனக்கு அரவை மில். வெள்ளைக் கல்மாவை மூட்டை மூட்டையாக அவிழ்த்து மில்லுக்குள் கொட்டுகிற வேலை. அன்று மேனேஜர் நம்மிடம், “சந்தேகம் இருந்தா தாராளமா கேளுங்க” என்று சொல்லிவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். மணி அடிக்காத போன் அது.

கேட்கிற முறையை நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஃபோர்மேன்தான். அந்தக் கம்பெனி வழக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். மனதில் ஏதாவது குறை இருந்தால், சுடாத பச்சை ஜாடியின் அடியில் பென்சிலால் எழுதிவிட வேண்டும். சூளைக்குள் போனதும் பென்சில் எழுத்து எரிந்து மறைந்துவிடும், ஜாடி வெள்ளையாக வெளியே வரும். “மனசுல இருக்குறத எழுதி உள்ள அனுப்பிடுங்கப்பா. நெருப்பு படிச்சிக்கும்” என்றார். ‘சாம்பாரில் பருப்பைக் கண்டுபிடித்தால் தகவல் தரவும்’, ‘மேனேஜருக்கு மண்டைக்கனம், ஜாடிக்கு அடிக்கனம்’ என்றெல்லாம் ஊழியர் குறைகள் ஊறுகாய் ஜாடிகளின் அடியில் ஏறிச் சூளைக்குப் போகும். ஒரே மாதத்தில் அந்தத் துறையில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். தங்கள் குறையை எழுதித் தரச்சொல்லி ஆட்கள் என்னிடம் வந்தார்கள். நான் எழுதியதில் மிகச் சிறந்தவையெல்லாம் எரிந்துபோயின என்று இப்போதும் சொல்லித் திரிகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாததால் யாரும் மறுப்பதில்லை.

நீ மட்டும் எழுதவில்லை. “கேக்குறதுன்னா ஆளப் பாத்துக் கேக்கணும் மாப்ள. ஜாடியப் பாத்து எதுக்குக் கேக்கணும்?” என்றாய்.

சேர்ந்து மூன்றாவது மாதம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒத்திகை பார்த்தோம். நான் முதலாளி, நீ நீயே. காலி கிளாசை மேசையில் தட்டி, “என்னடா வேணும்?” என்று தொண்டையைக் கனைத்தேன். நீ எழுந்து நின்றாய். டீக்கடையில் யாராவது எழுந்து நிற்பார்களா? நீ நின்றாய். “ஐயா, மில்லுல தூசி தாங்கலைங்க. மூட்டைய அவுக்கும்போது கொஞ்சம் தண்ணி தெளிச்சா அடங்கும். மூக்குக்குக் கவசம் வாங்கிக் குடுங்க. ஆறு பேரு இருக்கோம்.” அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து நினைத்துப் பார்க்கிறேன், அதில் ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை. எங்கே, என்ன, எத்தனை பேர், என்ன செய்தால் சரியாகும் என்று எல்லாம் இருந்தது.

நான்தான் அதைக் கெடுத்தேன். “இப்பிடி நேராவா கேப்பாங்க? மொதல்ல அவரு பொண்ணு கல்யாணத்த விசாரி. அப்புறம் கோயில் கும்பாபிஷேகம். அப்புறம் மெதுவா தூசிக்கு வா. இன்னும் பர்மனென்ட் ஆவல நீ. ஆறு மாசம் வாய மூடிட்டு இரு. அவசரம்னா ஜாடியில எழுதிடு.”

நீ துண்டை எடுத்து உதறினாய். வீட்டுக்குத் தூசி கொண்டுபோகக் கூடாது என்று எப்போதும் பஸ் ஏறும்முன் உதறிவிட்டுத்தான் போவாய். டீக்கடைக்காரர் வடைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

அடுத்த வாரம் நீ ஜாடியில் எழுதினாய். ஆனால் பென்சிலால் அல்ல. ஜாடிக்குக் கம்பெனி முத்திரை போடுகிற காவிக் கலரைத் தொட்டு எழுதினாய். அது எரியாது. சுடச் சுட இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். புது ஆள், தெரியாமல் செய்துவிட்டான் என்று பிற்பாடு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் ஊரெல்லாம் சொன்னேன். தெரிந்துதான் செய்தாயா என்று உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

சூளை ஆறி, சரக்கைப் பிரிக்கிற அன்று முதலாளியே வந்து நின்றார். ஒரு ஜாடியைக் கவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ‘ஐயா, மில் தூசிக்கு ஒரு வழி செய்வீர்களா?’ கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். ஆபீஸ் ஆட்கள், மில் ஆட்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்.

“எவன்டா எழுதுனது?”

நீ ஒரு அடி முன்னால் வைத்தாய். நான் பார்த்தேன். உன் வாய் திறந்ததையும் பார்த்தேன். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

“எழுதுனது யாருன்னு தெரியலைங்கையா. ஆனா நம்ம சூளையிலேர்ந்து கோணாம, கீறல் விழாம, ஒரு குறையும் இல்லாம வந்த மொத சரக்கு இந்த வரிதான்.”

ஜாடியை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் முதலாளியின் தொப்பை குலுங்கத் தொடங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. “போங்கடா, போயி வேலையப் பாருங்க” என்றார். போகிறபோது என் தோளைத் தட்டினார். ஜாடியைத் தன் அறைக்கு எடுத்துப்போய்ப் பேனா போட்டு வைத்துக்கொண்டார். எழுத்து அடியில், பேனா மேலே.

சாப்பாட்டு வேளையில் வேப்பமரத்தடியில் நீ சொன்னாய்: “நல்லாத்தான் பேசுன மாப்ள. என் வேலையக் காப்பாத்திட்ட. ஆனா கேட்டது எங்க போச்சு?”

நான் அதற்கும் சிரித்தேன்.

அந்த ஒரு ஜோக்கால் எனக்கு வாழ்க்கை அமைந்தது. வாய்க்காரன் என்று பெயர் வந்தது, முதலாளியின் விருந்தாளிகளுக்கு முன் என்னைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள், நாற்காலிக்குக் கை முளைத்தது, பிறகு வேறு கம்பெனியில் மேலாளர் பதவி. கல்யாண வீடுகளில், வழியனுப்பு விழாக்களில் எத்தனை முறை அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். உன் மகள் காதுகுத்தில்கூடச் சொன்னேன். நீ பந்தியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். எல்லோரும் சிரித்தபோது உனக்கு இருமல் வந்தது. சிரித்துச் சிரித்து இருமுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஜங்ஷன் மேம்பாலப் படியில் பாதியில் நீ உட்கார்ந்த நாள் வந்தது. புதுச்சேரி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நெஞ்சு நிறையக் கல்தூசி என்று சொன்ன நாள் வந்தது. கடைசியாக உன் வீட்டுக்கு வந்தபோது நீ மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாய். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன். யார் வீட்டில் யார் பேசவில்லை, எந்த மேனேஜர் எந்தச் சாமியாரிடம் போகிறார். நீ கையைத் தூக்கினாய்.

“சிரிக்க வெக்காத மாப்ள. மூச்சு வாங்குது.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசுவதற்கு என்னிடம் வேறு ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முப்பது வருடச் சிநேகிதம், சிரிப்பை எடுத்துவிட்டால் வெறும் சுவர். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாய். கையை எடுத்தால் எழுந்துவிடுவாயோ என்று அப்படியே இருந்தேன். கடைசி பஸ் போய்விட்டது.

நேற்று மோரைக் குடித்துவிட்டு (வீணாக்குவானேன்) கலைமதி வேலை செய்கிற அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். என் மீசை அதன் உண்மையான நிறத்துக்கு வந்துவிட்டது. அப்படியே முதலாளி அறைக்குப் போனேன். இவர் சின்ன வயசுக்காரர். “என்ன சார், இன்னைக்கு ஜோக் ஒண்ணும் இல்லையா?” என்றார். “இல்லைங்க சார். பூச்சு ரூம்ல ஃபேன் ஓடல. நாலு பொண்ணுங்க இருக்காங்க. ஓடுற வரைக்கும் அங்க வேலைய நிறுத்தணும்” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அவர் நாட்காட்டியைப் புரட்டினார். வியாழக்கிழமை ஆள் வரும், அதுவரை அறையைப் பூட்டுங்கள் என்றார். கலைமதியிடம் போய்ச் சொன்னேன். அவள் நன்றி சொல்லவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் சுவரில் ‘வியாழன்’ என்று சாக்பீசால் எழுதினாள்.

புதிதாக வருகிறவர்களிடம் பல வருடங்களாக ஒன்று சொல்லிவருகிறேன். ஜோக்குக்கு நடுவே சொல்வதுதான், ஆனாலும் மனதாரச் சொல்வது. “எதுவா இருந்தாலும் எழுதிக் குடுங்கப்பா. எடத்தச் சொல்லுங்க, தேதியப் போடுங்க, நகல் வெச்சுக்குங்க. என் கூட்டாளி ஒருத்தன் ஜாடியில எழுதுனான், காயிதத்துல எழுதல. காயிதத்துல குடுத்திருந்தா பதில் சொல்லியே ஆகணும். குடுக்காம விட்டுட்டான்.” உன் பெயரைச் சொல்வதில்லை. உன் பிழையை மட்டும் சொல்வேன். இனி அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கேட்கப்பட்டவன் சிரித்தால், அவன் சிரித்து முடிக்கும்வரை நின்று, திரும்பவும் கேளுங்கள்.

இவ்வளவு எழுதிய பிறகும் ஒன்றைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி, உன் மனைவிதான், ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தது. “தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதணும்ண்ணா. அவரு காயிதமெல்லாம் இதுல இருக்குது, எது வேணும்னு பாருங்க” என்றது. மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், மடிப்பில் கிழிந்துபோன ஒரு கார்பன் நகல். ஜாடி வெளியே வந்ததற்கு அடுத்த மாதத்துத் தேதி. முதலாளி அவர்களுக்கு, மில்லில் தூசி, ஆறு பேர், தண்ணீர் தெளித்தால் அடங்கும், மூக்குக்குக் கவசம் வேண்டும். டீக்கடையில் நீ நின்றபடி சொன்ன அதே சொற்கள். அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. கீழே ஓரத்தில், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, ஆபீஸ் குமாஸ்தா சுருக்கக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அந்தக் கையெழுத்து என்னுடையது.