யாரும் உரம் போடாமல் காய்க்கும் எலுமிச்சை

அன்பு மகளுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் மூன்று மாதப் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள், எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது, முதியோர் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம்தானே. இதுவரை பக்கத்து வீட்டுக் குமாஸ்தாதான் எனக்காக எழுதுவார். இதை அவரிடம் கொடுக்க முடியாது, சந்தேகமே அவர்மேல்தான் வந்தது.

கிணற்றடி எலுமிச்சை இந்த வருஷம் பேய்க் காய்ப்பு. அம்மா தன் கைராசி என்கிறாள். நான் ஒரு பிடி எரு போட்டதில்லை, சோறு போடாமல் எந்தப் பிள்ளை கொழுக்கும்? குமாஸ்தா வீட்டுக் கக்கூஸ் தொட்டி கசிகிறது என்று முடிவுகட்டிப் போய்க் கேட்டேன். "முதல்ல உங்க தொட்டியைத் திறந்து பாருங்கய்யா, அப்புறம் என்னுதுக்கு வாங்க" என்றார். ஒரு வாரம் அவரோடு பேச்சில்லை. பிறகு கொத்தனாரை வைத்துத் திறந்தால் விரிசல் நம் தொட்டியில், அதன் வழியே வேர் கொத்தாக உள்ளே இறங்கியிருக்கிறது. நாம் தின்றதை மண் வாங்கி மரத்துக்குக் கொடுக்க, மரம் அதைக் காயாக்கி நமக்கே தருகிறது. அதில் குற்றமில்லை. மரம் தின்றது போக மிச்சம் எங்கே போகிறது என்பதுதான் என்னைக் குடைந்தது. தொட்டியிலிருந்து எட்டடியில் கிணறு, நீ வந்தால் பேத்திக்குப் பால்மாவு கலக்கப்போவது அந்தத் தண்ணீரில். பாட்டிலில் பிடித்துத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். முடிவு வாங்கப் போனபோது அங்கிருந்த பெண் படித்துச் சொல்ல வந்தாள், விடாமல் தாளை வாங்கி நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். நைட்ரேட் அதிகம், கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. படித்துவிட்ட சந்தோஷம் ஒரு நொடிதான். காய்ச்சினால் சரியாகுமா என்றேன். "காய்ச்சினா கிருமிதான் சாகும் தாத்தா, இது போகாது" என்றாள்.

அதனால் அடுத்த மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராதே. இந்த வரிக்கு மூன்று தாள் கிழித்தேன். போனில் சொன்னால் அம்மா பிடுங்கிக்கொண்டு, "நீயும் இந்தத் தண்ணியிலதான்டி வளர்ந்தே, கேன் தண்ணி வாங்கிக்கலாம், கிளம்பி வா" என்பாள். நம்பாதே. அவசரத்துக்குக் கிணற்றில்தான் மொள்வாள், எனக்கு அவளைத் தெரியும். தொட்டியை இடம் மாற்றிக் கட்டுகிறோம், ஆனால் தண்ணீர் தெளிய எத்தனை மாதம் ஆகும் என்று எவரும் சொல்லவில்லை.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். அங்கேயும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொள். இத்துடன் ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். கடைக்காரர் மூன்று மாத அளவுதான் எடுத்துக் காட்டினார், நான் ஒரு வயது அளவு கேட்டு வாங்கினேன்.

இப்படிக்கு, ஆசிகளுடன்
உன் அப்பா