இடம் வலம் மாறிய பத்தொன்பது படங்கள்

மார்ச் 4
வகுப்புக்காகப் பழைய மூளைப் படங்களைத் திரையில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கேன் அறை டெக்னீஷியன் காப்பிக் கோப்பையோடு வந்து பின்னால் நின்றார்.
"மேடம், இது என் மண்டைதானே?"
ஆறு வருடத்துக்கு முன், ஆய்வுக்கு இடது கைக்காரர்கள் போதாமல் அவரையும் படுக்கவைத்திருந்தோம்.
"சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்து இடது பக்கம்தான் அடி. வடு வலது பக்கம் இருக்கே? உள்ளுக்குள்ளயே வீடு மாத்திடுச்சா?"
நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் அந்த வருடத்துக் கோப்புகளைத் தேடி எடுத்தேன்.

மார்ச் 5
படக் கோப்புகளை மாற்றித்தரும் மென்பொருளை அந்த ஆண்டு புதுப்பித்தோம். அதன் பின் ஐந்து மாதம் எடுத்த படங்கள் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பியிருக்கின்றன. இடது வலதாக, வலது இடதாக. அறுபத்து நான்கு பேரின் படங்களில் பத்தொன்பது.

மார்ச் 6
பேச்சு பெரும்பாலோருக்கு மூளையின் இடது பாதியில். இடது கைக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வலது பாதியில் என்று சொன்னவள் நான் — மற்றவர்கள் சொன்னதைப்போல இரு மடங்கு. இந்த அறை, கதவில் என் பெயர், நான்கு மாணவர்கள், எல்லாம் அந்த ஒரு கட்டுரையால் வந்தவை.
படங்களைச் சரியாகத் திருப்பிவைத்து மறுபடி கணக்கிட்டேன். ஊர் உலகம் சொன்ன அதே எண்தான் வந்தது.
அப்படியென்றால் நான் கண்டுபிடித்தது என்ன?

மார்ச் 7
"ஏன் சாப்பிடல?" என்றார் என் கணவர். "இடது எது, வலது எதுன்னே தெரியலைங்க" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

மார்ச் 10
பத்தொன்பதில் பதினெட்டுப் பேர் தாமாக வந்தவர்கள். ஒருத்தி மட்டும் நோயாளி. அப்போது ஒன்பது வயது. வாரத்துக்கு நாலைந்து முறை வலிப்பு. அது வலது பாதியில் ஓர் இடத்திலிருந்து கிளம்புவதை மருத்துவமனையே கண்டுபிடித்திருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிடலாம். பேச்சு எந்தப் பக்கம் என்பதை மட்டும் அறுவை மருத்துவர் என்னிடம் கேட்டார்.
வலது என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையில் இடது. பேச்சு போய்விடும் என்று பயந்து அவர் கத்தியைத் தொடவில்லை.
நகல் இருக்கிறது. என் கையெழுத்துதான். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

மார்ச் 11
அறுவை மருத்துவரைப் பார்த்துச் சொன்னேன். அந்தப் பெண்ணின் கோப்பைத் தேடித் திறந்தார்.
"இப்ப பண்ண முடியாதா?" கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.
"அப்பவே பண்ணியிருந்தா நின்னிருக்க வாய்ப்பு அதிகம். இப்ப ரெண்டு பக்கத்துலேர்ந்தும் கிளம்புது. எதைன்னு எடுக்கறது?" கோப்பை மூடிவிட்டு, "நானும் இன்னொரு பரிசோதனை பண்ணச் சொல்லியிருக்கணும். உங்க பேரைப் பாத்துட்டு விட்டுட்டேன்."
என் பெயர்!

மார்ச் 13
எங்கள் நிறுவன இயக்குநர்: "சின்னத் திருத்தம்னு ரெண்டு வரி போட்டா முடிஞ்சுது. எதுக்கு உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க?"
கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அது சுலபமாகத்தான் இருந்தது.

மார்ச் 17
அறுவை மருத்துவரின் அறை. பெண்ணுக்கு இப்போது பதினைந்து. கீழே விழுந்தால் அடிபடாமலிருக்க எப்போதும் தலைக்கவசம். பக்கத்தில் அவள் அம்மா, கைப்பையின் வாரை முறுக்கியபடி.
சொல்லி முடித்தேன்.
"அப்ப வெட்டியிருக்கலாம்," என்றார் அம்மா.
"ஆமாங்க."
திட்டியிருந்தால் தேவலை. அவர் குரலே உயரவில்லை. பெண்தான் கேட்டாள்: "நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேனா?"
மூளையைப் பற்றி இருபத்திரண்டு வருடம் படித்தவள் நான். மன்னித்துவிடுங்கள் என்றேன். யாரும் அதைக் கையில் வாங்கவில்லை.

மார்ச் 18
வகுப்பை ரத்துசெய்தேன்.

மார்ச் 29
கட்டுரை நீக்கப்பட்டுவிட்டது. இரண்டு மாணவர்கள் வேறு வழிகாட்டியிடம் போகிறார்கள். "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்." நான் என்னத்தை நினைக்க?

ஏப்ரல் 22
கூப்பிடாமலே அம்மாவும் பெண்ணும் ஸ்கேன் அறைக்கு வந்தார்கள்.
"ஒரு தடவை சரியா எடுத்துக் காட்டுங்க. பேச்சு எங்க இருக்குன்னு எங்க கண்ணால பாத்துக்கறோம்."
சிகிச்சைக்கு இனி அதனால் பயனில்லை என்றேன்.
"தெரியும்," என்றார்.
இப்போதெல்லாம் படுக்கவைக்குமுன் எல்லோருக்கும் வலது நெற்றிப்பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை ஒட்டுகிறோம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எந்த மென்பொருள் புரட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மாத்திரையை எடுத்தேன்.
அம்மா மகளின் வலது கையைப் பிடித்து உயர்த்தினார்.
"இது வலது. இந்தப் பக்கம் ஒட்டுங்க."
ஒட்டினேன். அவர் குனிந்து, அதைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.