நான்கு அங்குலக் கண்

ஜனவரி 19, திங்கள்

காலையில் பனி. மணலி ஆலைப் பக்கத்துக் காற்று, ஜன்னலைத் திறக்கவில்லை. பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். கேஸ் புக் செய்ய வேண்டும். இரண்டும் நடக்கவில்லை.

எட்டு மணிக்கு ஏழுமலை வாசலில் நின்றான். என் வீட்டுக்காரர் போனபின் எங்கள் ஃபைபர் படகை ஓட்டுபவன். வெறுங்கை.

"வலைய புட்ச்சிக்கினு பூட்டானுங்கமா. காலா வலைய. கண்ணு சின்னதா கீதாம்."

என் வலையையா.

விதி இது: காலா வலையின் கண் நான்கு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஐந்து குப்பமும் சேர்ந்து வைத்த வலைக் குழுவின் விதி. மீறினால் சீசன் முடியும்வரை வலை ஏலக்கூடத்தில் பூட்டப்படும். நல்ல விதிதான். அண்ணா நகர்க்காரர்கள் இந்தியன் சால்மன் என்று கேட்டு வாங்கும் இந்தக் காலா மீனை, போன வருடம் உள்ளங்கை நீளத்தில் கூறு கட்டி விற்றார்கள். பார்க்கவே கூசியது.

ஆனால் என் வலை நான்கு அங்குலம். கடைச் சீட்டு அலமாரியில் இருக்கிறது.

அளந்தவன் கோபால். குழுத் தலைவர் மாசிலாமணியின் மச்சான். இரண்டு வருடமாக ஏழுமலையைத் தன் படகுக்கு வரச்சொல்லி நச்சரிக்கிறவன். வலை இல்லாவிட்டால் ஏழுமலை அங்கேதான் போவான். குற்றம் சொல்ல முடியாது, பிள்ளைகுட்டிக்காரன். ஓட்ட ஆளில்லாத படகை விற்கத்தான் வேண்டும்.

விற்க மாட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

மேகமூட்டம். இட்லி கல். அரிசி ஊறியது போதவில்லை.

கன்னியம்மா கூடையோடு வந்தாள். முப்பது வருடமாக எனக்கு மீன் கொடுப்பவள், எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதியும். கூடையை இறக்குமுன்பே ஆரம்பித்தாள்.

"கோபாலு அவன் வலைய மூலைக்கு மூல இஸ்து வச்சி அளந்தான்கா. உன்துக்கு மட்டும் ஒரு பக்கத்துல ஸ்கேல வச்சான். நான் அங்கதான் குந்திகினு இருந்தேன்."

கண் ஒன்றுக்கு முடிச்சு நான்கு. அடுத்தடுத்த முடிச்சுகளுக்கு நடுவே ஒரு பக்கத்தை அளந்தால் இரண்டு அங்குலம். எதிரெதிர் முடிச்சுகளை இழுத்துப் பிடித்து அளந்தால் நான்கு. ஒரே வலை. கடையில் சொல்வதும் கடலில் சொல்வதும் இழுத்த அளவைத்தான். அவனுக்கு ஓர் அளவு, எனக்கு ஓர் அளவு. அயோக்கியத்தனம்.

ஏழுமலை கேட்டிருக்கிறான். கோபால் நோட்டீசை நீட்டினானாம். "எப்டி அளக்கணும்னு இதுல எய்திகீதா? இல்லல்ல? அப்ப என் இஷ்டம் நைனா."

நோட்டீசை வாங்கிவரச் சொன்னேன். கையெழுத்து என்னுடையது.

கார்த்திகையில் மாசிலாமணி தாளோடு வந்தார். "கான்வென்ட்ல படிச்சது நீ ஒருத்திதான்கா, அழகா எய்தி குடு" என்றார். எழுதினேன். ஒரு பிழை இல்லை. கமா கூட அதனதன் இடத்தில். அளக்கும் முறை மட்டும் இல்லை. வலை பிடித்தவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். மூன்று முறை படித்தேன். அவன் புகுந்த ஓட்டை நான் வைத்தது.

ஜனவரி 21, புதன்

கூட்டம், ஏலக்கூடம், மாலை நான்கு. நல்ல வெயில். நீலக் கரைப் புடவை, இஸ்திரி போட்டது.

பெண்கள் சுவரோரம் நிற்பார்கள், பேச மாட்டார்கள். வழக்கமாம். நடுவில் போய் நின்றேன்.

மாசி.: "யக்கா, பொம்பளைங்க இங்க பேசறதில்ல. உனக்கு தெரியாததா? ஏழுமலைய பேச சொல்லு."

"பேச வரவில்லை. நான் எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. திருத்த வந்தேன்."

கோபால்: "கேட்டுக்கடா மாமு, கான்வென்ட்டே தப்பு பண்ணிச்சாம்." சிரித்தார்கள்.

நின்றுகொண்டு எழுத வராது என்றேன். அங்கே இருந்தது ஒரே நாற்காலி, தலைவருடையது. யாரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "குடு தலைவரே, இன்னா சிம்மாசனமா அது?" எழுந்தார். உட்கார்ந்து எழுதினேன்.

'எதிரெதிர் முடிச்சுகளை இழுத்துப் பிடித்து, அனைவர் முன்னிலையிலும் அளக்க வேண்டும். எல்லா வலைகளையும்.'

படித்துக் காட்டினேன். கடைசி வார்த்தைகளுக்கு முணுமுணுப்பு. இருந்தும் கை தூக்கினார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

அளந்தார்கள்.
என்னுடையது: நான்கு, மயிரிழை கூடவே.
கோபால்: நான்கு.
மாசி.யின் மகன்: மூன்றரை.
கன்னியம்மாவின் மகன்: மூன்று.

ஏழுமலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமாகப் போனான். நான் நகரவில்லை. கன்னியம்மா எல்லோர் எதிரிலும் கேட்டாள்.

"உனக்கு சொல்லி குடுத்தது நானு. என் புள்ள வலைய பூட்டிட்டியேக்கா."

மூன்று அங்குலத்தில் குஞ்சு எப்படித் தப்பும்? சொல்லவில்லை. சொல்லாததற்கும் ஆத்திரம்.

ஜனவரி 24, சனி

காற்று இல்லை. காலா பதினொன்று, ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மாத்திரை வாங்கியாயிற்று.

மதியம் மாசிலாமணி. செருப்பை வெளியே விட்டு, மிகப் பணிவாக.

"உன் தோஸ்து புள்ள வலை ஒண்ணு, என் புள்ள வலை ஒண்ணு. இந்த சீசன் மட்டும் உட்டுடலாம்கா. அடில ஒரு வரி சேத்து எய்து. நீ எய்தினா ஒருத்தனும் வாய தொறக்க மாட்டான்."

காபி கொடுத்தேன். வரி எழுதவில்லை. வேண்டியவனுக்கு விதி வளையும் என்றால், கோபால் எனக்குச் செய்ததில் என்ன தப்பு?

"கன்னிம்மா ரொம்ப பேஜார்ல கீது, பாத்துக்க" என்றார் போகும்போது. என்னிடம் சொல்கிறார்.

ஏழுமலையை அவள் வீட்டுக்கு அனுப்பினேன். நம் படகில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது, சீசன் முழுக்க அவள் மகன் பங்குக்கு வரட்டும் என்று. அரை மணியில் திரும்பினான்.

"பையன் வரேன்றான்மா. கன்னிம்மாதான் வாசப்படில குந்திகினு வழி உட மாட்டேங்குது. 'அனுப்ச்ச மவராசி எங்க, அவளுக்கு கால் இல்லியா'ன்னு கேக்குது."

என்ன திமிர்.

நாளை ஞாயிறு பூசை முடிந்து நேராகப் போக வேண்டும். நின்றபடி பேசினால் கேட்க மாட்டாள். அந்தப் படியில் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும். முட்டி மடங்காது.