எலும்பின் பின்பக்கம்

6.2.2024, செவ்வாய்

கல்லூரிக் கண்காட்சிக்குச் சீனத்து ஆரூட எலும்பின் மாதிரி ஒன்று வேண்டுமாம். பட்டறை என் பொறுப்பு, என் தலையில் விழுந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசன் மழை, போர், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் மாட்டின் தோள் எலும்பிடமும் ஆமை ஓட்டிடமும் கேட்டிருக்கிறான். பின்பக்கம் பள்ளம் வெட்டிச் சூட்டுக்கோல் வைத்தால் முன்பக்கம் வெடிக்கும். வெடிப்பைப் பார்த்து ஆம், இல்லை. இங்கே ஆமை ஓடு வைத்திருப்பது குற்றம், பிடிபட்டால் மறியலில் இருக்கவேண்டும். மாட்டெலும்பு போதும்.

8.2, வியாழன்

குருநகரில் ஜெரிசன் வீட்டு வளவில் எலும்பை அவித்தோம். பட்டறையில் என்னோடு வேலை செய்பவன். "இந்த மாட்டெலும்பு மணம் உன்ரை அம்மாவுக்குப் பிடிபட்டுதெண்டால் கீரிமலைத் தீர்த்தக் கேணிக்கை உன்னை ஒரு கிழமை ஊறப்போடுவா" என்றான்.

12.2, திங்கள்

மூன்று தரம் கருகியதுதான் மிச்சம். ஒரு மில்லிமீற்றர் தடிப்பு மிஞ்சும்வரை பள்ளத்தை நீளமாக வெட்டிச் சூடு வைத்தேன். 'டிக்'. வெடிப்பு என் கோட்டிலேயே ஓடியது. அடுத்ததைச் சரித்து வெட்டினேன் - சரிந்தே வெடித்தது.

அப்ப விடை எலும்பிலையே இருந்தது? உளி பிடிச்சவன்ரை கையிலை.

14.2, புதன்

கலா அக்காவுக்குச் சாவகச்சேரியிலிருந்து சம்பந்தம். பெயர் லோஜன், வங்கியில் வேலை. அக்காவுக்குக் கொழும்பில் வேலை உறுதியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. கட்டினால் அது போச்சு.

அம்மா சொல்கிறார்: "சனிக்கிழமை மருதனார்மடக் கோயிலிலை சாமிக்கு முன்னாலை இரண்டு பொட்டலம் கட்டிப் பூ வைச்சுப் பாப்பம். சிவப்பெண்டால் செய்வம், வெள்ளையெண்டால் விடுவம்." அக்கா "உங்கடை விருப்பம்" என்றுவிட்டு உள்ளே போனாள். பூவிடம் கேட்கிற விசயமா இது?

17.2, சனி

பொட்டலங்களை நான்தான் கட்டினேன். இரண்டிலும் நந்தியாவட்டை. ஐயர் எடுத்தது வெள்ளை. வேறென்ன வரும்? அம்மா வீட்டுக்கு வந்ததும் சாவகச்சேரிக்குப் போன் எடுத்து வேண்டாம் என்றுவிட்டார்.

18.2, ஞாயிறு

மற்றப் பொட்டலத்தை அக்கா அவிழ்த்திருக்கிறாள். கிணற்றடிக்கு வந்தாள்.

"இதுக்கையும் வெள்ளை. உன்ரை வேலையோ?"

"ஓம். நல்ல வேலையை விட்டுப்போட்டு -"

"ஆர் விடுறது? லோஜன் கொழும்புக்கு மாற்றம் கேட்டு எழுதிக் குடுத்திட்டார். நான்தான் போனிலை கதைச்சுக் கேக்கச் சொன்னனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எப்ப கேட்டனி?"

19.2, திங்கள்

அந்த அரசர்கள் ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பார்களாம்: மழை வரும், மழை வராது. நான் ஒரு விதமாகக்கூடக் கேட்கவில்லை.

21.2, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்றுதான் நினைத்தேன்.

"உன்ரை கையாலை வெள்ளையைக் கட்ட வைச்சதும் அந்தச் சாமிதான்."

"அது பொய்யம்மா. நான் செய்த களவு."

"அவருக்குத் தெரியாமலோ கட்டினனி?"

விசர் வருது. லோஜனின் தகப்பனுக்கு நானே போன் எடுத்தேன். முழுக்கக் கேட்டார். "சாமி வேண்டாமெண்ட இடத்திலை நாங்கள் பொம்பிளை எடுக்கமாட்டம், தம்பி." வைத்துவிட்டார். எலும்பென்றால் இன்னொன்று வெட்டலாம்.

24.2, சனி

அக்கா சாவகச்சேரிக்கு வெளிக்கிட்டாள். லோஜன் வீட்டுக்கே போய்த் தகப்பனோடு கதைக்கப் போகிறாளாம். அம்மா அடுப்படியை விட்டு வரவில்லை. "வெயில் எறிக்குது. குடையைக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னார்.

சந்திவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனேன். "நானும் வரட்டே? நான் செய்ததை நானே சொல்லுறன்."

"வேண்டாம். இதிலை நில். என்னைக் கேளாமல் ஒண்டும் செய்யாதை."

பஸ் போய் நாலு மணித்தியாலம். சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். ஒரு தரமும் அவளுக்குப் போன் எடுக்கவில்லை.