முதுகில் கட்டிய எண்ணெய் கேன்

மாதா துணை

விளாங்குடி, மதுரை

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் சுகம், என் வலது முழங்கால் சிராய்ப்பைத் தவிர. நீ, மாப்பிள்ளை, பேரன் ஜோ மூவரும் சுகமாக இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். போனில் சொன்னால் நீ சிரித்துச் சிரித்தே பாதியைக் கேட்காமல் விட்டுவிடுவாய் என்றுதான் எழுதி, உங்கள் பெர்த் ஊருக்கு வருகிற உன் அத்தை மகன் மெர்வின் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஜோவைக் கடல் நீச்சல் வகுப்பில் சேர்க்கட்டுமா என்று நீ கேட்டதற்குக் கூடவே கூடாது என்று கத்தினேன் அல்லவா, அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பச்சைப்பிள்ளை ஆசையாக் கேட்டிருக்கான், கணுக்காலுக்கு மேல கடல்ல நனையாத மனுசன் இம்புட்டுச் சட்டம் பேசலாமா என்று அடுப்பங்கரைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிஷன் பள்ளியில் காலமெல்லாம் புவியியல் நடத்தியவன், கரும்பலகையில் நான் வரையாத அலையா. ஆனால் வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரன்தானே நானும். அந்த நேரம் பார்த்து நம் தெருவில் சேர்ந்து ஜெபம் சொல்கிற அன்பியத்துக்காரர்கள் வேன் பிடித்து அரியமான் கடற்கரைக்குப் போவதாகச் சொன்னார்கள். நானே இறங்கிப் பார்த்து, கடல் எம்புட்டு ஆபத்து என்று உனக்கு ஆதாரத்தோடு எழுதுகிறேன் என்று சவால் விட்டுக் கிளம்பினேன்.

எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் முழுசாகத் தெரியாது. மேலூர்ப் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு பழகினேன், குடுக்கையை அவிழ்ப்பதற்குள் கிணறு வற்றிவிட்டது. அதனால் முன்ஜாக்கிரதையாக ஒரு காலி எண்ணெய் கேனை மூடி இறுக்கி, துணி காயப்போடுகிற கயிற்றால் முதுகில் கட்டிக்கொண்டு, பங்குச் சனம் முழுக்கப் பார்க்கக் கடலில் இறங்கினேன். கிணறு என்றால் குதித்ததும் ஆழம். இங்கே நடக்கிறேன் நடக்கிறேன், தண்ணீர் முழங்காலை விட்டு ஏறவே மாட்டேன் என்கிறது. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒருவர் என் கேனைப் பார்த்துவிட்டு, அண்ணே, எண்ணெய் வாங்கவா போறீக, கடை இந்தப் பக்கம்ல இருக்கு என்றார். அவருக்குச் சூடாகப் பதில் சொல்லத் திரும்பினேன். ஒரு சின்ன அலை, பிள்ளைகள் தாண்டி விளையாடுகிற அலை, பின்னாலிருந்து கேனில் மோதியது. குப்புற விழுந்தேன். கேன் அழகாக மிதந்தது, நான் மிதக்கவில்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே மாதாவே மாதாவே என்று அலறியிருக்கிறேன், வந்தது உன் அம்மா பிலோமினாள். மூட்டு வலி என்று கோயில் படியேறவே யோசிக்கிறவள், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் கயிற்றைப் பிடித்து என்னைக் கரைப்பக்கம் இழுத்தாள்.

அதோடு விட்டாளா, நனைஞ்சதுதான் நனைஞ்சாச்சு என்று காலை நீட்டித் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வா என்றால், இருங்க, இன்னொரு அலை வரட்டும் என்கிறாள். ஒவ்வொரு அலைக்கும் அதே பதில், ஒவ்வொரு அலைக்கும் ஒரு சிரிப்பு. நீ விமானம் ஏறிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை ஜெனி. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், உப்புத் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வேனில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான்.

ஆகவே ஜோவைச் சேர்த்துவிடு. பயம் என்னுடையது, அதை அவன் முதுகில் கட்ட வேண்டாம். கேனை அனுப்பலாம் என்று பார்த்தேன், அம்மா விடவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டாதே என்று மட்டும் அவனிடம் சொல், அது தாத்தாவின் சொந்தக் கண்டுபிடிப்பு. குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டிவிடு, காதில் தண்ணீர் நின்றால் சீழ் வைக்கும். தாத்தாவும் கடலில் இறங்கினார் என்று சொல், எம்புட்டு ஆழம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடு.

மாதா உங்கள் மூவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக. மறந்துவிடாதே, முதல் நாள் வகுப்பில் அவன் கரையேறியதும் உடனே போன் செய். அதுவரை இங்கே நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
முழங்கால் தண்ணீரில் முழுகிய உன் அப்பா
கிறிஸ்துராஜ்