மீசையில்லாத தலைமை மெக்கானிக்

அன்பு மச்சாள் தவமணி,

அங்கே றேடியோ உண்டா? இருந்தால் இதற்குள் அதன் முதுகைக் கழற்றிப் போட்டிருப்பீர். இங்கே வேலணைக்கு ரீவிப் பெட்டி வந்துவிட்டது. இரண்டு மேசையோடு றேடியோ திருத்தத் தொடங்கிய நம் முதலாளி, பக்கத்துக் கடையையும் எடுத்து 'கம்பனி' என்று பலகை மாட்டிவிட்டார். என்ன வேலையில் இருந்தாலும் பெண்கள்தான் எழுந்துபோய்த் தேத்தண்ணி போடவேண்டும் என்ற சட்டம் மட்டும் போன கிழமைவரை அப்படியே இருந்தது.

நீர் இங்கே இருந்தபோது, தலைமை மெக்கானிக் கதிரை உமக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். அதனால்தான் அவசரமாக ஒரு விதி கண்டுபிடித்தார்.

"தலைமை மெக்கானிக் எண்டால் பனையிலை ஏறி ஏரியல் கட்டவேணும். பொம்பிளைப்பிள்ளையாலை ஏலுமோ?"

"எங்கடை கடையிலை ஆர் ஏறினவை? செல்லையா அண்ணைதானே ஒவ்வொருக்காலும் வந்து ஏறிக் கட்டுறவர்," என்றீர் நீர்.

முதலாளிக்கு ரோசம் வந்தது. அடுத்த நாள் இறுப்பிட்டியில் ஒரு வீட்டுக்கு ஏரியல் கட்ட, நம்மோடு வேலை செய்த சிவம் அண்ணையையே ஏறச் சொன்னார். பாவம், கதிரையில் ஏறிப் பல்ப் மாற்றவே பயப்படுகிற மனிதர். ஏணி முடியும்வரை ஒழுங்காகத்தான் போனார். பிறகு பனையைக் கட்டிப்பிடித்தவர், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பி அவர் கையில். நீர் கீழே மறுமுனையை றேடியோவில் செருகினீர். பாட்டு கணீரென்று வந்தது.

"தங்கச்சி, செல்லையா அண்ணையைக் கூப்பிடுங்கோ."

"அசையாதேங்கோ அண்ணை. உதிலைதான் நல்லாய்க் கேக்குது. பாட்டு முடியட்டும்."

இதுதான் முறை என்று நினைத்த வீட்டுக்காரர், "இவர் இரவிலையும் மேலைதான் இருப்பாரோ?" என்று கவலையோடு கேட்டார். நான் சிரித்த சிரிப்பில் விக்கல் எடுத்தது.

செல்லையா அண்ணை வந்து அவரை இறக்கினார். முதலாளி விதியைக் கைவிட்டார், கதிரையைத் தரவில்லை.

"முன்னுக்கு இருக்கிறவருக்கு மீசை வேணும், பிள்ளை. இல்லாட்டில் சனம் நம்பாது."

"அப்ப மீசையை மட்டும் கதிரையிலை வையுங்கோ," என்றீர்.

மீசையோடு சிவம் அண்ணையும் வந்து அமர்ந்தார். நடுவில் ஒரு பச்சைத் திரை, அதன் பின்னால் நீர். சனம் அவரிடம் கேட்கும், அவர் திரைப்பக்கம் சாய்ந்து இருமுவார், நீர் பதிலைக் குசுகுசுப்பீர், அவர் அதையே சத்தமாகச் சொல்லுவார். ஊரே அவருக்குத் தீராத இருமல் என்று நினைத்தது. அந்தத் திரைக்குப் பின்னாலேயே இருந்து, நெருப்புக் காய்ச்சலில் நீர் போய்விட்டீர். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது. அழுகை பிறகுதான்.

நீர் போன பிறகு சிவம் அண்ணை இருமிப் பார்த்தார். பதில் வரவில்லை. ஒருநாள் முதலாளியிடம் போய், "என்னாலை ஏலாது. அவதான் எல்லாம் செய்தவ. அவவோடை வேலை பழகின மற்றப் பிள்ளையை இருத்துங்கோ," என்று என்னைக் காட்டினார்.

போன கிழமை முன்கதிரையில் இருந்தேன். முதல் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக் இல்லையோ?" என்றார்.

தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த சிவம் அண்ணை திரும்பி, "உதிலை இருக்கிறவதான் மெக்கானிக்," என்றார்.

நீர் கேட்டிருக்க வேண்டிய சொல், மச்சாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஈயம் பற்றவைத்த புகை என்று சமாளித்தேன். அவர் தந்த தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது, ஆனாலும் குடித்தேன்.

பச்சைத் திரையைக் கழற்றி, ரீவி துடைக்கத் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். அதைத் திரும்பத் தொங்கவிட வேண்டுமானால் யாராவது தைக்க வேண்டும். தையல் என்றால் பெண்கள் எங்களிடம்தான் வருவார்கள். தைக்க மாட்டோம். இது நான் உமக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
முன்கதிரையில் இருந்து,
உமது மச்சாள் வசந்தி